எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்: அமெரிக்கத் தொழில் வளர்ச்சி, மேற்கு விரிவு, சீர்திருத்தம் (1862–1920)

1869 ஏப்ரல் 28. யூட்டாவின் வறண்ட நிலத்தில் சென்ட்ரல் பசிபிக் ரயில் நிறுவனத்தின் ஆட்கள் காலையில் தொடங்கி, இருட்டுவதற்குள் பத்து மைலுக்குச் சற்றுக் கூடுதலாகவே பாதை போட்டு முடித்தார்கள். அன்று ஒரே நாளில் 25,800 ஸ்லீப்பர் கட்டைகளும் 3,520 தண்டவாளங்களும் பதிக்கப்பட்டன. தண்டவாளங்களைத் தூக்கிக் கிடத்திய எட்டு ஐரிஷ் தொழிலாளர்களின் பெயர்களை நிறுவனம் எழுதி வைத்தது. இன்றும் அந்த எட்டுப் பெயர்களைப் படிக்கலாம். அதே நாளில் மண்ணைச் சமன்செய்து, கட்டை பரப்பி, சல்லியைக் கெட்டித்த சீனத் தொழிலாளர்களில் ஒருவர் பெயர்கூட அந்தப் பதிவில் இல்லை. சம்பளப் பதிவேட்டிலும் அவர்கள் பெரும்பாலும் ஒரு கங்காணியின் பெயருக்குக் கீழே வெறும் தலை எண்ணிக்கையாகவே இருந்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, மே 10 அன்று, பிராமண்டரி சம்மிட் என்ற இடத்தில் கிழக்கும் மேற்கும் ரயிலால் இணைந்தன. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கா உலகின் முதன்மைத் தொழில் நாடாக எழுந்தது. மேற்கே பரந்த நிலங்கள் குடியேறிகளின் கைக்கு வந்தன. அதற்குப் பின்னாலேயே சீர்திருத்தச் சட்டங்கள் அலை அலையாக வந்தன. இந்த மூன்றுக்கும் இடையே உள்ள உறவு என்ன? செல்வம் பெருகப் பெருக நியாயம் தானே வந்து சேர்ந்ததா, அல்லது ஒவ்வொரு சட்டத்துக்கும் யாரேனும் விலை கொடுக்க வேண்டியிருந்ததா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இழப்பை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்து, அதற்குப் பெயர் கொடுத்து, ஊர் அறியச் செய்த பிறகுதான் சட்டம் அசைந்தது. ஆனால் எண்ணுவது மட்டும் போதவில்லை. எண்ணப்பட்டவர்களின் பக்கம் வாக்கும் இருந்தாக வேண்டும். வாக்கில்லாதவர்களைக் கணக்கெடுத்த இடங்களில் அந்தக் கணக்கே அவர்களுக்கு எதிரான கருவியாகவும் ஆனது.

ஆறு வாரத்தில் போட்ட அடித்தளம்

அமெரிக்க வளர்ச்சியைத் தனிமனித முயற்சியின் கதையாகவே சொல்வது வழக்கம். அந்தக் கதையில் 1862-ன் ஆறு வாரங்கள் விடுபட்டுப் போகின்றன. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் உறுப்பினர்கள் காங்கிரஸில் இல்லை. அவர்கள் நெடுநாளாகத் தடுத்து வைத்திருந்த சட்டங்கள் அப்போது அடுத்தடுத்து நிறைவேறின. மே 20-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டு தங்கி உழுது பயிரிடும் எவருக்கும் 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்தில் கொடுத்தது. ஜூலை 1-ல் பசிபிக் ரயில்வே சட்டம் வந்தது. மறுநாள் வந்த மோரில் சட்டம், பொது நிலத்தை விற்று வேளாண்மை, பொறியியல் கல்லூரிகள் அமைக்க வழி செய்தது.

ரயில் நிறுவனங்களுக்கு அரசு கொடுத்தது கொஞ்சமல்ல. போடும் ஒவ்வொரு மைலுக்கும் பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பத்துச் சதுர மைல் நிலம் கிடைத்தது. 1864-ல் அது இரட்டிப்பானது. அதற்கு மேல் கடன் பத்திரமாகச் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலைப்பகுதியில் 48,000 டாலர் வழங்கப்பட்டது. இலவச நிலமும் அரசுக் கடனும் இல்லாமல் அந்தப் பாதை அந்தக் காலத்தில் எழுந்திருக்காது. பொதுச் சொத்தால் வளர்ந்தவற்றைப் பொதுமக்கள் கேள்வி கேட்கலாமா என்பதே அடுத்த ஐம்பது ஆண்டு அரசியலின் அடிநாதம்.

நிலத்தின் மறுபக்கம்

ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் மொத்தத்தில் ஏறத்தாழ 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் சென்றது. இது நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. கூலியாகவும் குத்தகைக்காரராகவும் இருந்த லட்சக்கணக்கானோர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். மரமே இல்லாத புல்வெளியில் புல்வேரோடு மண்ணைக் கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். வேலி போட மரம் கிடைக்காத குறையை இல்லினாயைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பி தீர்த்தது. ஆனால் மழை குறைந்த மேற்குச் சமவெளியில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று ஜான் வெஸ்லி பாவல் 1878-லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. வறட்சி வந்தபோது பலர் நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த நிலம் யாரும் இல்லாத நிலமும் அல்ல. 1868-ல் லாரமி கோட்டையில் செய்த ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லக்கோட்டா மக்களுக்கே உரியது என்று அமெரிக்க அரசு கையெழுத்திட்டது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877-க்குள் மலை பறிபோனது. நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்த வழக்கு உயிரோடு இருக்கிறது. இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லக்கோட்டா மக்கள் பணத்தைத் தொட மறுத்து மலையையே கேட்கிறார்கள். அவர்கள் வாழ்வுக்கு ஆதாரமாக இருந்த காட்டெருமைகள் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்தவை. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் 1880-களின் இறுதியில் சில நூறுதான் எஞ்சின. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக இருநூறுக்கும் மேற்பட்டோரைப் படையினர் கொன்றார்கள்.

துப்பாக்கி செய்ததைவிடப் பெரிய சேதத்தைப் பதிவேடு செய்தது. 1887-ன் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டாக்கி, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தது. மிஞ்சியது குடியேறிகளுக்கு விற்கப்பட்டது. 1887-ல் பூர்வகுடிகளிடம் இருந்த 13.8 கோடி ஏக்கர், 1934-ல் 4.8 கோடியாகச் சுருங்கியது. இச்சட்டத்தை ஆதரித்தவர்களில் பலர் தங்களைச் சீர்திருத்தவாதிகள் என்றே நம்பினார்கள். அதே நம்பிக்கையில்தான் 1879-ல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே முதல் அணியில் சேர்ந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற லக்கோட்டாச் சிறுவர் பின்னாளில் எழுதியிருக்கிறார்: கரும்பலகையில் ஏதேதோ கோடுகள் கிறுக்கியிருந்தன, கையில் குச்சியைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள், அவர் தொட்டது ‘லூதர்’. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை தன் புதுப் பெயரைத் தானே தேர்ந்துகொண்டதாகக் கணக்கு. பெற்றோர் இட்ட ஓட்டா க்டே என்ற பெயருக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை.

எஃகு, எண்ணெய், கடிகாரம்

1860-ல் ஏறத்தாழ 30,000 மைலாக இருந்த ரயில்பாதை 1900-ல் 1,90,000 மைலைத் தாண்டியது. மக்கள்தொகை 3.1 கோடியிலிருந்து 7.6 கோடி ஆனது. ரயிலுக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரியைக் கொண்டுவர மறுபடியும் ரயில் வேண்டும். இந்தச் சுழற்சியில்தான் ஆண்ட்ரூ கார்னகியின் ஆலைகள் வளர்ந்தன. 1901-ல் அவர் தன் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். அதைச் சேர்த்து உருவான யு.எஸ். ஸ்டீல், நூறு கோடி டாலர் மூலதனத்தைத் தாண்டிய முதல் நிறுவனம். ராக்கஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. ரயில் நிறுவனங்களிடம் அது பெற்ற ரகசியக் கட்டணத் தள்ளுபடி இதற்குப் பெரிய காரணம். கால்நடைச் சந்தையும் தானியக் கிடங்குகளும் கூடிய சிகாகோ, 1860-ல் லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர்; 1900-ல் அது 17 லட்சம் பேரின் மாநகரம்.

இந்நிறுவனங்களின் ஆற்றலைப் புரிந்துகொள்ள ஒரு கடிகாரம் போதும். அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தையே நண்பகலாக வைத்திருந்தது. 1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தபடி நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. பெரும்பாலான ஊர்க் கடிகாரங்கள் ரயில் நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன. காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது 1918-ல்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாட்டின் நேரத்தைத் தனியார் நிறுவனங்களின் உடன்பாடு நடத்தியது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது

முதல் எதிர்ப்பு நகரத்துப் படித்தவர்களிடமிருந்து வரவில்லை, உழவர்களிடமிருந்தும் ரயில் தொழிலாளிகளிடமிருந்தும் வந்தது. தொலைவான ஊருக்கு ஏற்றும் சரக்கைவிட அருகில் உள்ள ஊருக்கு ஏற்றும் சரக்குக்கு ரயில் நிறுவனம் கூடுதல் கட்டணம் வாங்கியது. போட்டிப் பாதை இல்லாத ஊரின் உழவருக்கு வேறு போக்கிடம் இல்லை. 1867-ல் தொடங்கிய கிரேஞ்ச் இயக்கத்தின் உழவர்கள் மாநிலச் சட்டமன்றங்களை வளைத்துக் கட்டண வரம்புச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். பொதுநலனைத் தொடும் தொழிலை மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்று 1877-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1886-ல் அதே நீதிமன்றம், மாநில எல்லை தாண்டும் ரயிலை மாநிலம் தொட முடியாது என்றது. அந்த இடைவெளியை நிரப்பவே 1887-ல் மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையம் பிறந்தது.

தொழிலாளிகளுக்குக் கிடைத்த பதில் கடுமையானது. 1867 ஜூனில் சியரா மலையில் சீனத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் மலைக்கு உணவு செல்வதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. 1877-ல் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டியதால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் மூண்ட ரயில் வேலைநிறுத்தம் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஏறத்தாழ நூறு உயிர்கள் போயின. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் நடுவே 1886 மே 4-ல் சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அந்தப் போராட்டத்தின் நினைவே மே தினமாக உலகெங்கும் பரவியது. 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியதும் அதன் தொடர்ச்சிதான். 1892-ல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கம் துப்பாக்கிக் காவலர்களாலும் மாநிலப் படையாலும் உடைக்கப்பட்டது.

அதே 1892 ஜூலை 4-ல் ஓமஹாவில் கூடிய மக்கள் கட்சி, படிநிலை வருமான வரி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், இரகசிய வாக்கு, ரயிலைப் பொதுவுடைமையாக்குதல் எனக் கோரிக்கைகளை வைத்தது. அக்கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குப் பெற்றார். கட்சி சில ஆண்டுகளில் கரைந்தது. ஆனால் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் 1913-ல் அரசியலமைப்புத் திருத்தங்களாயின.

எண்ணியவர்கள்

அந்தக் காலத்துச் சரக்கு ரயிலில் இரண்டு பெட்டிகளைக் கோக்க இரும்பு வளையமும் ஒரு முளையும் இருந்தன. பெட்டி நகர்ந்து வரும்போது பிரேக்மேன் நடுவில் நின்று வளையத்தைக் கையால் பிடித்து, துளையில் நுழைத்து, முளையை இறக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் விரல் போகும். கால் இடறினால் உயிர் போகும். அவர்கள் நடுவே விரல் குறைந்த கை சாதாரணக் காட்சி. தானே கோத்துக்கொள்ளும் கப்ளிங்குக்கு ஈலை ஜேனி 1873-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் 1869-லிருந்தே இருந்தது. கருவி கையில் இருந்தும் செலவு மிச்சம் என்று நிறுவனங்கள் மாட்டவில்லை. 1889-ல் அதிபர் ஹாரிசன் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில், ஓராண்டில் 2,000-க்கும் மேற்பட்ட ரயில் ஊழியர் இறந்ததையும் 20,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றதையும் எண்களாகவே வைத்தார். 1893-ல் பாதுகாப்புக் கருவிச் சட்டம் வந்தது. சாவைக் குறைக்கும் கருவி இருபது ஆண்டு காத்திருந்தது. எண்ணிக்கை வெளிவந்தபின் சட்டம் நான்கு ஆண்டில் வந்தது.

இந்த வழியைப் பின்னால் வந்தவர்கள் ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஜேன் ஆடம்ஸ் 1889-ல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸில் தங்கியிருந்த பெண்கள், சுற்றியிருந்த தெருக்களில் வீடு வீடாகச் சென்று கூலியையும் பிறந்த நாட்டையும் எழுதி வரைபடமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஃபுளோரன்ஸ் கெல்லி 1893-ல் இல்லினாயின் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளர் ஆனார். ஐடா டார்பெல் நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணைக் குறிப்புகளையும் துருவி ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை 1902 முதல் 1904 வரை தொடராக எழுதினார். 1911-ல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தை 34 துண்டுகளாக்கியது. அப்டன் சின்க்ளேரின் நாவல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் அழுக்கை வெளிக்காட்டிய 1906-லேயே இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் வந்தன.

1900-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 10 முதல் 15 வயது வரையிலான 17.5 லட்சம் சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாகக் காட்டியது. எண்ணுக்கு முகம் கொடுத்தவர் லூயிஸ் ஹைன். 1908 முதல் அவர் நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் கேமராவோடு நுழைந்தார். பிள்ளையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து மனதுக்குள் அளந்து, பைக்குள் கையைவிட்டபடியே பெயரையும் வயதையும் குறித்துக்கொள்வார். 1916-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தை 1918-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிலையான சட்டம் வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1911 மார்ச் 25-ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. ஆலை எட்டாம் மாடி முதல் பத்தாம் மாடிவரை இருந்தது. தீயணைப்பு ஏணியோ ஆறாம் மாடியோடு நின்றது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாததால் அவர்கள் விடுதலையானார்கள். ஆனால் மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் ஆலை ஆலையாகச் சென்று பார்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீயை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933-ல் நாட்டின் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆனார். அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்ட ஆறு பேரின் பெயர்கள் நூறாண்டுக்குப் பின், 2011-ல்தான் கண்டறியப்பட்டன.

வாக்கில்லாதவர்களின் கணக்கு

இந்த வெற்றிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. சீனக் குடியேறிகள் அன்று குடியுரிமை பெற முடியாதவர்களாக இருந்தார்கள். பாதை போட்டு முடித்த பதின்மூன்றாம் ஆண்டில், 1882-ல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதையே சட்டம் தடுத்தது. 1892-ன் கியரி சட்டம், ஏற்கெனவே வாழ்ந்த சீனத் தொழிலாளர் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு கடத்தப்படுவர் என்றது. ரயில் போட்டபோது பெயர் எழுத மறந்த நாடு, விரட்டுவதற்காகப் பெயர் எழுதத் தொடங்கியது. நுழைவுத் தடை 1943 வரை நீடித்தது. அதைக் கேட்டவர்களில் வெள்ளைத் தொழிற்சங்கங்களும் முன்னணியில் நின்றன.

கறுப்பின மக்களின் அனுபவம் இதைவிடத் தெளிவான சான்று. ஐடா பி. வெல்ஸ் 1890-களில், கும்பல் கொலைகளைச் செய்தித்தாள் பதிவுகளிலிருந்தே தொகுத்து, கொல்லப்பட்டவர்களின் பெயரும் சாட்டப்பட்ட குற்றமுமாகப் பட்டியலிட்டார். டார்பெல்லின் ஆவணங்களுக்குச் சற்றும் குறையாத உழைப்பு அது. ஆனால் தென் மாநிலங்கள் தேர்தல் வரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பின வாக்கைப் பறித்திருந்தன. 1896-ல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைக்கு ஒப்புதல் தந்திருந்தது. 1922-ல் கீழவை நிறைவேற்றிய கும்பல் கொலைத் தடுப்பு மசோதாவைச் செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் முடக்கினார்கள். அத்தகைய கூட்டாட்சிச் சட்டம் வந்தது 2022-ல்.

பெண்களின் வாக்குரிமை இதே உண்மையை மறுபுறமிருந்து காட்டுகிறது. அது மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. வயோமிங் 1869-ல் கொடுத்தது. கொலராடோவும் ஐடஹோவும் 1890-களில் பின்தொடர்ந்தன. மொன்டானாவின் ஜேனட் ராங்கின், நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்கு வருவதற்கு முன்பே, 1916-ல் காங்கிரஸுக்குத் தேர்வானார். மேற்கு மாநிலங்களில் கூடிய பெண் வாக்குகளே 1920-ன் 19-ஆம் திருத்தத்துக்கு வலுச் சேர்த்தன.

வரலாற்றாளர்கள் சொல்வது

பிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893-ல், எல்லைப்புற நிலமே அமெரிக்க ஜனநாயகத்தை வார்த்தது என்றார். பாட்ரிஷியா லிமெரிக் 1987-ல் அதே மேற்கை வெற்றிகொள்ளப்பட்டவர்களின் பக்கமிருந்து படித்தார். ஆல்பிரட் சாண்ட்லர் பெருநிறுவனங்களின் நிர்வாகத் திறனைப் புகழ்ந்தார். ரிச்சர்ட் வைட் 2011-ல் கண்டந்தாண்டிய ரயில்கள் தேவைக்கு முன்பே, அரசுப் பணத்தில், மோசமாக நடத்தப்பட்டவை என்று காட்டினார். சீர்திருத்தத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தஸ்து இழந்த நடுத்தர வர்க்கத்தின் கவலை அது என்றார் ஹாஃப்ஸ்டாடர். பெருநிறுவனங்களே தங்கள் வசதிக்குக் கேட்டுப் பெற்றவை என்றார் கேப்ரியல் கோல்கோ. வேர் உழவர் இயக்கத்தில் இருக்கிறது என்றார் எலிசபெத் சாண்டர்ஸ்.

சாண்டர்ஸின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஓமஹா கோரிக்கைகளையும் 1913-ன் திருத்தங்களையும் அருகருகே வைத்தால் தடம் தெரிகிறது. கோல்கோ காட்டும் சான்றுகளையும் ஒதுக்க முடியாது. ஏகபோகத்துக்கு எதிரான 1890-ன் ஷெர்மன் சட்டமே புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தை உடைக்கவும் எடுத்தாளப்பட்டது. இருவரின் நூல்களையும் சேர்த்துப் படித்தால், சட்டம் பிறப்பதோடு போராட்டம் முடிவதில்லை என்பது விளங்கும். அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி முடிவாகிறது.

2014-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறை, சீன ரயில் தொழிலாளர்களைத் தன் மாண்புறு மண்டபத்தில் சேர்த்தது. அதற்கு இரண்டாண்டு முன்னால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. சென்ட்ரல் பசிபிக் தலைவராக இருந்து, ரயிலில் சேர்த்த செல்வத்தால் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு நிறுவிய பல்கலைக்கழகம் அது. ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளையும் கப்பல் ஆவணங்களையும் தேடினார்கள். முகாம்கள் இருந்த இடங்களில் உடைந்த சோற்றுக் கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பாதை போட்டவர்களில் ஒருவர் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூட அகப்படவில்லை.